பின்மலையில் பியோ யோங்நான் நட்ட இரும்பு

நாற்பத்து மூன்றாம் வயதில் வெல்டிங் உரிமம். தேர்வு அறையில் ஒரே பெண். மீன்சந்தை ஆண்டு விழாவின் கைமல்யுத்தத்தில் ஒரு பெட்டி கானாங்கெளுத்தி. இறுதிச் சுற்றில் எதிரே உட்கார்ந்தவர் ஐஸ்கட்டி சுமக்கிறவர். வேலையை விட்டுக் கிளம்பிய அன்று, 'ஆறே மாதத்தில் திரும்பி வந்து நிற்பாய்' என்று பழைய முதலாளி எல்லோர் முன்னாலும் கட்டிய பந்தயம். கடைசியாக, ஒரு மலை.

இத்தனையும் வென்ற என் தங்கை பியோ யோங்நான் ஒரு நாள் என் தையல் கடைக்கு எதிரே, பேருந்து நிறுத்தக் கம்பத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருக்கிறாள். தட்டிவிட்டுக் காதை ஒட்டி வைக்கிறாள். பேருந்துக்கு நிற்பவர்கள் ஓரடி தள்ளி நிற்கிறார்கள். உள்ளே வந்து, நான் கேட்காமலே சொல்கிறாள்: "உள்ள தண்ணி நிக்குதுக்கா. அடியில ஓட்டை போடாம நட்டிருக்கானுங்க. குளிர் வந்தா உறைஞ்சு பிளந்துக்கும்." கம்பம் அவளுடையது அல்ல. ஆனாலும் மறுநாள் துளைக்கருவியோடு வந்து, யாரும் பார்க்காத நேரத்தில் அடியில் ஓர் ஓட்டை போட்டுவிட்டுப் போனாள். அரை வாளித் தண்ணீர் என் கடை வாசல்வரை ஓடி வந்தது.

பூங்கா, ஆற்றங்கரை, மலைச்சரிவு என்று வெட்டவெளியில் உடம்பு வலுவுக்கான இரும்புக் கருவிகளைத் தேர்ந்தெடுப்பதும் நடுவதும் அவள் தொழில். ஆளுக்கு ஐம்பத்திரண்டு வயது. குட்டை. தோள் அகலம். ஆயத்த மேல்சட்டை எதுவும் தோளில் பொருந்தாது; எல்லாவற்றையும் நான்தான் பிரித்து அகலப்படுத்திக் கொடுக்கிறேன். பேருந்தில் ஏறினால் கைப்பிடியில் முழு உடம்பையும் தொங்கவிட்டுப் பார்ப்பாள். உறவினரை மருத்துவமனையில் பார்க்கப் போனால் நோயாளியை நலம் விசாரிப்பதற்கு முன்னால் கட்டில் கம்பியை அசைத்துப் பார்ப்பாள். அசைந்தால் நோயாளியிடமே அதைச் சொல்லவும் செய்வாள்.

அவள் சட்டைப் பையில் எப்போதும் ஓர் எஃகுச் சாப்பாட்டுக் குச்சியும் ஓர் எஃகுக் கரண்டியும் இருக்கும். கருவியின் ஒவ்வொரு இடுக்கிலும் முதலில் குச்சியை விடுவாள். பிறகு கரண்டியைத் திருப்பி அதன் காம்பை விடுவாள். "குச்சி போயி கரண்டி போகாத இடம் இருக்கு பாரு, அதுலதான் புள்ளைங்க விரல் மாட்டும்," என்பாள். அளவுகோல் இருக்கிறதே என்றால், அது காலையில் ஒரு தடவைதான் நினைவுக்கு வரும், சாப்பாடு மூன்று வேளையும் வரும் என்று பதில் வரும். குச்சிகள் அடிக்கடி தொலையும். அவள் வழக்கமாகச் சாப்பிடும் சூப்புக் கடைக்காரர் இப்போதெல்லாம் அவள் எழுந்ததும் மேசையை எண்ணிப் பார்க்கிறார்.

பட்டியல் புத்தகத்தைப் பார்த்துக் கருவி தேர்ந்தெடுப்பது அவளுக்குப் பிடிக்காது. ஓர் இடம் கிடைத்தால் முதலில் அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். யார் வருகிறார்கள், எந்தத் தோள் இறங்கியிருக்கிறது, யார் படியில் பக்கவாட்டாக இறங்குகிறார்கள், யார் எழும்போது எதைப் பிடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒருமுறை ஆற்றங்கரையில் அப்படி உட்கார்ந்திருந்தவளை, வீட்டை விட்டுக் கோபித்துக்கொண்டு வந்தவள் என்று நினைத்து ஓர் அம்மாள் அழைத்துப் போய்க் கஞ்சி ஊற்றினாராம். கஞ்சியைக் குடித்துவிட்டு, அந்த அம்மாள் பானையை எந்தக் கையால் தூக்குகிறார் என்பதையும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மீன்சந்தைப் பின்புறத்துத் திடலுக்குக் கருவி கேட்டபோது, படகோட்டுவது போல இரு கையாலும் இழுக்கும் கருவியைத்தான் எல்லோரும் சொன்னார்கள். மீனவர் பகுதிக்குப் பொருத்தம், படத்திலும் அழகாக இருக்கும் என்று. இவள் அதைத் தொடவே இல்லை. "விடிஞ்சதுலேருந்து வலையும் கயிறும் பெட்டியுமா இழுக்கிறவங்க. இங்கயும் வந்து இழுக்கணுமா? உடம்பு நாள் பூரா செய்யாததை இங்க செய்யணும்." அங்கே தள்ளும் கருவிகளையும், தொங்குவதற்கான கம்பிகளையும் நட்டாள். ஏலம் முடிந்ததும் ரப்பர் காலணியோடு வந்து, செதில் ஒட்டிய கையுறையைக் கழற்றாமலே கம்பியில் தொங்கும் பெண்களை இப்போதும் பார்க்கலாம். அப்படியே தொங்கிக்கொண்டு மீன் விலை பேசுவார்கள்.

அந்தத் திடலும் அதற்கு முன்னால் நட்டவை எல்லாமும் பழைய நிறுவனத்தின் கணக்கில் போயின. கருவி ஒவ்வொன்றிலும் ஓர் உலோகத் தகடு இருக்கும். யார் செய்தது, எந்த ஆண்டு, யார் நட்டது என்று. பத்தொன்பது ஆண்டுகளாக 'நட்டவர்' என்ற இடத்தில் முதலாளியின் பெயர். அவர் ஒரு குழிகூடத் தோண்டியவர் இல்லை. யோங்நான் அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு நாள் என் கடைக்கு வந்து, "நான் வெளிய வந்துட்டேன்க்கா," என்று மட்டும் சொல்லி, கிழிந்த கையுறையைத் தைக்கக் கொடுத்தாள்.

தனியாகத் தொழில் தொடங்கிய பிறகு கிடைத்த முதல் இடம்தான் அந்த மலை.

எங்கள் குடியிருப்புகளுக்குப் பின்னால் நிற்பதால் அதைப் பின்மலை என்போம். பாதி ஏற்றத்தில், பைன் மரங்களுக்கு நடுவே, விடியல் சங்கத்து ஆண்கள் நாற்பது ஆண்டுகளாகச் சொந்தக் கையால் ஓர் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்தார்கள். பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி, இரண்டு டப்பாவுக்கு நடுவே குழாயைச் சொருகினால் அது எடை. பழைய படகுப் பலகை படுக்கும் பெஞ்சு. ஒரு மரத்தில் நிலைக்கண்ணாடி, இன்னொன்றில் சுவர்க்கடிகாரம். தரையைத் தினமும் பெருக்கி வைப்பார்கள். ஒரு சருகு கிடக்காது. அனுமதி மட்டும் கிடையாது. ஒரு நாள் குழாய் வழுக்கி ஒருவருக்கு விலா எலும்பு முறிந்தது. வட்ட அலுவலகம் விழித்துக்கொண்டு, எல்லாவற்றையும் அகற்றி முறையான கருவிகளை நடுவது என்று முடிவு செய்தது.

சங்கத் தலைவர் குவாக், எழுபத்தாறு வயது, கப்பலில் இயந்திர அறைப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வயதிலும் படுத்தபடி எடை தூக்கும் நெஞ்சு. அலுவலகத்திலிருந்து வருவது இடுப்புச் சுழற்றியும் காற்றில் நடக்கும் ஊஞ்சலும்தான் என்று அவருக்குத் தெரியும். எல்லாப் பூங்காவிலும் அவைதான் வரும். அதற்கு மேல், நடப்போவது ஒரு பெண் என்று கேள்விப்பட்டதும், "அப்போ பூச்செடியும் சேத்து வைப்பாங்களா?" என்று கேட்டாராம்.

யோங்நான் மீன்சந்தையிலிருந்து தராசை இரவல் வாங்கி மலைமேல் தூக்கிப் போனாள். அவர்களுடைய சிமென்ட் டப்பாக்களை ஒவ்வொன்றாக நிறுத்தாள். மிகக் கனமானதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடை வைக்கும்படி நெஞ்சால் தள்ளும் கருவியைத் தேர்ந்தெடுத்தாள். நெம்புகோலில் இரும்புக் குண்டு பல் பல்லாக நகரும்; கழற்றி எடுத்துப் போக முடியாது, காலில் விழவும் விழாது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவதை வேண்டாம் என்றாள், குளிரில் இறுகிவிடும். கடல் உப்புக்கு முழுத் துத்தநாக முலாம். "பெயின்டைக் கேக்காத, கம்பியைக் கேளு," என்பாள். கடிகாரம், கண்ணாடி, துடைப்பம் மூன்றையும் அவை இருந்த இடத்திலேயே விட்டுவைத்தாள். குவாக் தலைவர் கருவியில் உட்கார்ந்து, குண்டைக் கடைசிப் பல்வரை தள்ளி, ஒருமுறை அழுத்தினார். முகம் சிவந்தது. எழுந்து போய்விட்டார். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டோம்.

அவருக்கு ஒப்பாதது கால் தள்ளும் கருவி. சாய்ந்த இருக்கையில் உட்கார்ந்து, எதிரே நிற்கும் பலகையை இரண்டு காலாலும் தள்ளினால் இருக்கை பின்னால் ஏறும்; இதிலும் பல் பல்லாக நகரும் எடைக்குண்டு உண்டு. "மலை ஏறி வர்றவனுக்குக் காலுக்கு வேற கருவி எதுக்கு?" என்றார். யோங்நான் அதைச் சங்கத்துக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. அடிவாரத்துப் பெண்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். எங்கள் வீடுகளில் வாழ்க்கை முழுவதும் தரையில்தான். தரையில் உட்கார்ந்து சமைத்ததைச் சிறு மேசையில் அடுக்கி, மேசையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எழ வேண்டும். கை ஊன்ற முடியாது. என்றைக்கு அப்படி எழ முடியாமல் போகிறதோ அன்றைக்கு ஒரு பெண் தன் வீட்டில் விருந்தாளி ஆகிவிடுகிறாள். நெத்திலி விற்கும் பாங் அக்கா அதை அவளிடம் வாய்விட்டே சொல்லியிருந்தார்: "மருமக மேசையைத் தூக்குறா, நான் பின்னாடி வெறுங்கையோட போறேன். எனக்கே எம்மேல பரிதாபமா இருக்கு."

ஜூலையில் நட்டாள். நாற்பது ஆண்டுகளாக ஆண்கள் மட்டும் ஏறிய இடத்துக்குப் பெண்கள் ஏறி வந்தார்கள். நெஞ்சுக் கருவியில் ஆண்கள், கால் கருவியில் பெண்கள் என்று கோடு போடாமலே பிரிந்தது. வட்ட அலுவலகத்தின் நிபந்தனை ஒன்றுதான்: மண் உறைந்து இளகட்டும், அடித்தளம் ஒரு குளிர்காலத்தைத் தாங்கட்டும், ஏப்ரலில், சமாதிகளுக்குப் புல் பதிக்கும் ஹன்சிக் நாளில், சங்கம் முத்திரை குத்தினால் கருவிகள் நிலைக்கும். குத்தாவிட்டால் அத்தனையையும் பிடுங்கிவிட்டு வழக்கமானவற்றை நடுவார்கள். அதுவரை தகட்டில் 'நட்டவர்' என்ற இடம் காலியாக இருக்க வேண்டும். முதல் வேலையையே பிடுங்கி எறிந்தார்கள் என்றால் வேறெந்த வட்டமும் அவளைக் கூப்பிடாது. இதை அவள் சொல்லவில்லை. இலையுதிர் காலம் முழுவதும் என் கடையில் வந்து உட்கார்ந்து, சாப்பிடாமல் தட்டைக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்ததிலிருந்து தெரிந்துகொண்டேன்.

நவம்பரில் ஓக் மரங்கள் இலை உதிர்த்தன. ஒரு காலை பாங் அக்கா கால் கருவியில் உட்கார்ந்து, பலகையில் காலை வைத்தவர், தன் இரண்டு காலணிகளுக்கும் நடுவே எதிர்ச்சரிவைப் பார்த்தார். கோடை முழுவதும் புதராக இருந்த இடம் மொட்டையாகியிருந்தது. அங்கே ஒரு சமாதி. தாழ்ந்த மண்மேடு, புல் மண்டி, முன்னால் சாய்ந்த ஒரு சிறு கல். நேர் எதிரே.

அத்தனை பெண்களும் நான்கு மாதமாக ஒரு பெரியவருடைய சமாதியைப் பார்த்துக் காலால் உதைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மலை முழுவதும் செய்தி பரவியது. யாரும் எந்தக் கருவியையும் தொடவில்லை. யோங்நான் ஏறி வந்தாள். நானும் கூடப் போனேன். அவள் இருக்கையில் உட்கார்ந்து, காலைப் பலகையில் வைக்காமல், குனிந்து பார்த்தாள். கடல் தெரியட்டும், தள்ளும்போது பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்றுதான் அந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். இந்த ஊரில் குழி தோண்டும் எவரும் சமாதி இருக்கிறதா என்று பார்க்காமல் தோண்டுவதில்லை. அவளும் பார்த்திருந்தாள். உட்காருகிறவர் முதுகு யாருடைய தலைமாட்டிலும் படக்கூடாது என்று பின்சரிவு முழுவதையும் காலால் நடந்து பார்த்திருந்தாள். "முதுகுப் பக்கம் பாத்தேன்க்கா," என்றாள் மெதுவாக. "கால் பக்கம் பாக்கல."

குவாக் தலைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். செத்தவரை உதைத்து உடம்பு வளர்க்கும் கேவலம் இந்த மலைக்கு வேண்டாம் என்றார். சுற்றி நின்ற ஆண்கள் தலையாட்டினார்கள்.

யோங்நான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "தலைவரே, நாப்பது குளிர்காலம் நீங்க இங்க வந்திருக்கீங்க. இந்தச் சமாதி உங்களுக்கு முன்னாடியே தெரியுமில்ல?"

அவர் பார்வையைச் சமாதிப் பக்கம் திருப்பினார். பிறகு, "நீ கேக்கலையே," என்றார்.

அந்த இடத்தில் பாங் அக்கா முன்னால் வந்தார். நெத்திலிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சந்தையில் எடை குறைந்தால் பேசும் அதே குரலில் சொன்னார்: "தெரியாம உதைச்சது நாங்க. தெரிஞ்சே வேடிக்கை பாத்தது நீங்க. தலைவரே, அப்ப யாரு உதைச்சதுன்னு நீங்களே சொல்லுங்க."

ஆண்களின் தலைகள் ஆடுவதை நிறுத்தின. அவரைவிட இளையவர் ஒருவர் இருமினார்.

மறுநாள் காலை யோங்நான் ஒரு புட்டி அரிசிக்கள்ளும், காய்ந்த மீனும், உரித்த பேரிக்காயும் எடுத்துக்கொண்டு அந்தச் சமாதிக்கு மன்னிப்புக் கேட்கப் போனாள். பெண்கள் பின்னால் நின்றார்கள். யாரும் கூப்பிடாமலே குவாக் தலைவர் வந்தார். முழு உடையில் வந்தார், கழுத்துப்பட்டைகூட இருந்தது. இருவரும் கள்ளை ஊற்றி, மண்டியிட்டு, நெற்றி தரையில் படும்படி இரண்டு முறை வணங்க வேண்டும். முதல் வணக்கத்தில் அவர் எழுந்தார், கொஞ்சம் தள்ளாடி. இரண்டாவதில் எழவில்லை. முழங்கால் மண்ணில், இரண்டு கையும் முன்னால். தோள் அசைந்தது, கால் அசையவில்லை. நாற்பது ஆண்டுகளாக நெஞ்சை வளர்த்தவர்.

பாங் அக்காவால் வாயைக் கட்ட முடியவில்லை. "தலைவரே, அவரு கூடவே தங்கிடப் போறீங்களா? ராத்திரிச் சாப்பாடு இங்கயே கொண்டாரவா?"

யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். யோங்நான் சட்டென்று கடல் பக்கம் கையை நீட்டினாள். "அக்காமாரே, அந்தக் கப்பலைப் பாருங்க. கொரியக் கொடியா, வேற கொடியா?" எல்லோரும் திரும்பினோம். கப்பல் ஒன்றும் இல்லை, ஒரு மீன்படகு. ஆனாலும் தேவையான நேரம்வரை அதன் கொடியைப் பற்றி வாதம் செய்தோம். திரும்பிப் பார்த்தபோது அவர் நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கை இரண்டிலும் மண்.

கருவியைத் திருப்ப வேண்டும். திருப்புவதென்றால் சும்மா இல்லை. பழைய அடித்தளத்தை உடைத்து, புதிதாகக் குழி தோண்டி, மண் உறைவதற்கு முன் கான்கிரீட் ஊற்ற வேண்டும். வண்டி வராத பாதை. ஜூலையில் கூலிக்கு வந்தவர்கள் இப்போது வேறு ஊரில் இருந்தார்கள். யோங்நான் தான் ஒருத்தியே முதுகில் மாட்டும் மரச்சட்டத்தில் சிமென்டைக் கட்டித் தூக்கத் தொடங்கினாள். இரண்டாவது நடை இறங்கி வரும்போது, அடிவாரத்தில் மீன்சந்தைப் பெண்கள் கூடைகளோடு நின்றார்கள். கூடையில் மணல்.

நாள் முழுவதும் ஏறி இறங்கினார்கள். வழியெல்லாம் மீன் வாடை. மலையேறும் உடுப்பும் கைத்தடியுமாக எதிரே வந்த ஒருவர், மேலே சந்தை திறக்கிறார்களா என்று கேட்டார். "ஆமா, மணல் வேணுமா, கிலோ என்ன விலைக்கு எடுப்பீங்க?" என்று பதில் வந்தது. மேலே ஆண்கள் முதலில் கைகட்டி நின்றார்கள். பிறகு ஒருவர் மண்வெட்டியை எடுத்தார். மாலைக்குள் குவாக் தலைவர், அடித்தளக் குழி சமமட்டமாக இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இடது மூலை ஒரு விரல் உயர்ந்திருக்கிறது என்றார். யோங்நான் மட்டக்கோலை வைத்தாள். உயர்ந்திருந்தது. சீவினாள்.

இப்போது கால் எந்தப் பக்கம் நீள்கிறது என்று பாங் அக்கா கேட்டார். யோங்நான் நிமிர்ந்து திசையைப் பார்த்துவிட்டு, "வட்ட அலுவலகம்," என்றாள். அன்றைக்கு அந்த மலையில் எழுந்த சிரிப்பில் பைன் மரத்துக் கடிகாரம் நின்றுபோயிருக்க வேண்டும்.

குளிர்காலம் வந்தது. பெண்கள் ஏலம் முடிந்து ஏறுவதால் சற்றுத் தாமதமாகத்தான் மேலே போவார்கள். டிசம்பரில் ஒரு நாள் பாங் அக்கா என் கடைக்கு வந்து, கால் கருவியின் இரும்புக் குண்டு, தான் விட்டுப்போன பல்லில் இல்லை என்றார். யாரோ விடியுமுன் வந்து பயன்படுத்துகிறார்கள். மிகவும் லேசான பல்லில் கிடந்ததாம். சில நாளில் அது ஒரு பல் கூடியது. பாங் அக்கா இன்னொரு பல் கூட்டி வைத்துவிட்டு இறங்கினார். அடுத்த வாரம் குண்டு அந்தப் பல்லிலேயே இருந்தது. இவர் மறுபடி கூட்டினார். ஜனவரி முழுவதும் முகம் காட்டாத ஒருவரோடு அவர் இப்படி வழக்கடித்துக்கொண்டிருந்தார். யார் என்று யாரும் கேட்கவில்லை. யோங்நானிடம் நான் கேட்டேன். "பேரிங் தேயுது, கிரீஸ் வைக்கணும்," என்றாள். மறுநாளே போய் வைத்தாள். அடித்தளத்தையும் குச்சியால் தட்டிப் பார்த்து வந்தாள். அசையவில்லை. அந்தக் குளிர்காலத்தில் பாங் அக்கா ஒரு நாள் மருமகளைத் தள்ளிவிட்டு, கிம்ச்சித் தட்டும் சோறும் சூப்பும் அடுக்கிய மேசையை இரண்டு கையாலும் பிடித்து எழுந்து நின்றார். அதைச் சந்தை முழுவதும் சொன்னார். வாங்க வந்தவர்களிடமும் சொன்னார்.

ஹன்சிக் நாளில் அந்தச் சமாதியின் வாரிசுகள் வந்தார்கள். தொலைவில் குடியேறிவிட்ட குடும்பம். ஆண்டுக்கு ஒருமுறை இந்த நாளில் மட்டும் வருவார்களாம். ஒரு பெரியவர், இரண்டு மகன்கள், தோளில் புல்பத்தைகள். மூச்சு வாங்க ஏறி வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். மேட்டில் புதர் வெட்டப்பட்டிருந்தது. சாய்ந்த கல் நிமிர்ந்திருந்தது. எதிரே இரும்புக் கருவிகள், அவற்றில் உட்கார்ந்து தள்ளியபடி பெண்கள். வட்ட அலுவலகத்திலிருந்து வந்த நாம் என்பவர் ஒப்புதல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எது நடக்கும் என்று தெரியாமல் ஓரமாக நின்றார். யோங்நான் என் பக்கத்தில் நின்றாள். என் முழங்கையைப் பிடித்திருந்தாள். அந்த இடம் இரண்டு நாள் வலித்தது.

குவாக் தலைவர் வாரிசுப் பெரியவர் முன்னால் போய், நடந்த அத்தனையையும் சொன்னார். கருவி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதையும், தனக்குத் தெரிந்தே வாய் திறக்கவில்லை என்பதையும் விடவில்லை. பெண்களின் மேல் ஒரு சொல்லும் போடவில்லை. பிறகு மேட்டுக்கு முன்னால் போய் நின்றார். கள்ளை ஊற்றினார். மண்டியிட்டு வணங்கினார். எழுந்தார். மறுபடி மண்டியிட்டார்.

அந்த நேரம் ஒருவரும் கடலைப் பார்க்கவில்லை.

நெற்றியை எடுத்தார். கைகளைத் தரையிலிருந்து எடுத்து மார்போடு சேர்த்தார். ஒரு முழங்கால் மேலே வந்தது. தொடை நடுங்கியது. கை மண்ணைத் தேடிப் போகவே இல்லை. கழுத்துப்பட்டை நேராக, முழு உயரத்துக்கு எழுந்து நின்றார்.

பாங் அக்கா மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏழாவது பல்லு," என்றார். குவாக் தலைவர் திரும்பிப் பார்க்காமலே, "எட்டு," என்றார்.

வாரிசுப் பெரியவர் கருவிகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தார். கால் கருவியின் இருக்கையில் உட்கார்ந்து சற்று இளைப்பாறினார். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதைச் சங்கமும் மீறாது, அலுவலகமும் மீறாது. மேட்டைப் பார்த்தபடி சொன்னார்: "எங்க பெரியவரு இவ்வளவு காலம் தனியாக் கிடந்தாரு. இனிமே பேச்சுத் துணைக்கு ஆளிருக்கு."

குவாக் தலைவர் சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்தார். மை ஈரமாக, வாயருகே வைத்து ஒரு முறை ஊதினார். அலுவலகத்துக்காரர் நீட்டிய தாளை நெஞ்சுக் கருவியின் இருக்கைமேல் வைத்து, எடை தூக்குகிறவர் அழுத்தும் அழுத்தாக அழுத்தினார். பெண்கள் கத்தியது அடிவாரம்வரை கேட்டிருக்கும். யோங்நான் என் முழங்கையை விட்டாள்.

அவர் கால் கருவியின் தகட்டருகே போய்க் குனிந்து பார்த்தார். "பேரு எங்க?" என்றார். காலியாக விடச் சொன்னதைச் சொல்லி, இனிமேல் கடையில் கொடுத்து அச்சடித்து ஒட்டிவிடுவதாக யோங்நான் சொன்னாள்.

"அச்சடிச்ச பேரை எவன் வேணாலும் ஒட்டலாம். குழியில எறங்கினவங்க கையால எழுதணும். எழுதும்மா."

இரும்பில் வெட்ட வேண்டிய இடத்தைக் கீறிக் குறிக்கும் எஃகு முனை அவள் காதோரம் செருகியிருந்தது. அதைக் கொண்டு ஆயிரக்கணக்கான கம்பிகளில் கோடும் எண்ணும் போட்டவள். தகட்டைச் சட்டைக் கையால் துடைத்தாள். மண்டியிட்டு உட்கார்ந்தாள். முனையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பியோ. யோங். நான். மூன்றும் ஒரே உயரத்தில், அழுத்தமாக. கீறலிலிருந்து சுருண்ட உலோகப் பிசிரை ஊதித் தள்ளிவிட்டு, கீழே தேதியையும் எழுதினாள்.

2019, ஏப்ரல் 6.